நமீபியாவில் ஒரு பக்கத்துப் பாத்திக்காரி

ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். நான் ஆடி மாதத்தில் ஆப்பிரிக்கா போனேன். அதுவும் மான் வேட்டைக்கு. அதுவும் எனக்காக இல்லை, என் மச்சானுக்காக.

மச்சான் என்றால் என் மனைவி வசந்தாவின் ஒரே தம்பி தனசேகர். புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவன். சர்வீஸ் முழுக்க மற்றவர்களுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுத்தான். அட்டைப் பலகையைத் தவிர வேறு எதையும் அவன் சுட்டது கிடையாது. ரிட்டயர் ஆனதும் ஒரே ஓர் ஆசை அவனைப் பிடித்து ஆட்டியது. ஆப்பிரிக்காவுக்குப் போய், சட்டப்படி, ஒரே ஒரு குடூ மானைச் சுட வேண்டும். குடூ என்பது குதிரை உயரத்துக்கு நிற்கும் பெரிய மான். கொம்பு இரண்டும் முறுக்கிக்கொண்டு மேலே போகும். அதன் படத்தைத்தான் செல்போன் முகப்பில் வைத்திருந்தான். பெண்டாட்டி படம் இருக்க வேண்டிய இடம் அது.

ஒரு நாள் மரக்காணத்தில் எங்கள் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தோம். தனசேகர் பைக்கை ரோட்டோரம் போட்டுவிட்டு, வெயிலில் வரப்பு மேலேயே ஓடி வந்தான். வந்ததும் வராததுமாகப் போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினான்.

"மாமா, புக் பண்ணிட்டேன். நமீபியா. அட்வான்ஸும் அனுப்பிட்டேன்."

"யாருக்குடா?"

"ரூடின்னு ஒருத்தன். சொந்தப் பண்ணை, சொந்தக் காடு. வெப்சைட்ட பாருங்க, அசந்து போயிடுவீங்க."

பார்த்தேன். செத்த மான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் காட்டும் வெள்ளைக்காரர்கள். எல்லாப் படத்திலும் நல்ல வெளிச்சம்.

"இவனைப் பத்தி யார்கிட்ட விசாரிச்ச?"

"மூணு பிரெஞ்சுக்காரங்க நம்பர் இருந்துச்சு. மூணு பேரும் சூப்பர் பார்ட்டின்னு சொல்லிட்டாங்க."

"நம்பரைக் குடுத்தது யாரு?"

"ரூடிதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எங்கள் அளத்தில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. ஒரு பாத்தியைக் குத்தகைக்கு எடுக்கப் போனால் கொடுக்கிறவனைக் கேட்கக் கூடாது. அவன் கை காட்டுகிற ஆளையும் கேட்கக் கூடாது. பக்கத்துப் பாத்திக்காரனைக் கேட்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிறவர்கள். இவன் வரப்பு உடைந்தால் அவன் உப்பு கரைந்து போகும். எந்த மண் நல்ல மண், எதில் வழக்கு கிடக்கிறது, உண்மையில் யாருடைய இடம் என்பதெல்லாம் அவனுக்குத்தான் அத்துப்படி. அவனைக் கேட்ட பிறகுதான் அட்வான்ஸ். கேட்காமல் கொடுத்தவனை அந்த சீசன் முழுக்க டீக்கடையில் வைத்து ஓட்டுவார்கள்.

"வெளுத்ததெல்லாம் பால்னு நெனைச்சிட்டியா? பிரெஞ்சு மிலிட்டரியில இதைத்தான் சொல்லிக்குடுத்தானா?" என்று கத்தினேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் முகம் சுருங்கிப்போனது. ஆனால் போகிற முடிவு மட்டும் சுருங்கவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டின்போது வசந்தா தீர்ப்பு சொன்னாள். "எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் சொன்னா கேக்க மாட்டான். நீங்க கூடப் போங்க."

"ஆடி மாசம்டி."

"ஆடியோ ஆவணியோ, போனவனை முழுசா கூட்டிட்டு வந்து என் கையில குடுங்க. அவ்ளோதான்."

இப்படித்தான் நான் ஆப்பிரிக்கா போனேன். மான் எனக்குப் பொருட்டே இல்லை. அவள் தம்பியைப் போன மாதிரியே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

விண்ட்ஹூக் விமான நிலையத்தில் இறங்கியபோது குளிர் காதைப் பிய்த்தது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று யாரோ நம்மை ஏமாற்றிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அங்கே ஆடி மாதம் நடுக்குளிர் காலம். நான் அரைக்கைச் சட்டையோடு போய் நின்றேன். தனசேகர் தன் பழைய ராணுவக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். அது எனக்கு முழங்கால் வரைக்கும் வந்தது.

சுங்க அதிகாரி என் பையைத் திறக்கச் சொன்னார். வசந்தா அனுமந்தை நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் மேல் பொட்டலமாகச் சுற்றி வைத்திருந்தாள். கடைசிச் சுற்றைப் பிரித்ததும் அவர் ஓர் அடி பின்னால் போனார்.

"இது என்ன?"

"மீன்."

"எப்போது செத்தது?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். கருவாடு அங்கேயே தங்கிவிட்டது. நல்ல கருவாடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே ரூடி காத்திருந்தான். ஆறடிக்கு மேல், செக்கச் சிவந்த முகம், வாய் கொள்ளாத சிரிப்பு. தனசேகரைக் கட்டிப்பிடித்து "சார்ஜன்ட்!" என்றான். நான் உப்பு வியாபாரி என்று தெரிந்ததும், "மிஸ்டர் சால்ட்!" என்று என் முதுகில் ஒன்று போட்டான். அதற்கப்புறம் கடைசி வரைக்கும் எனக்கு அதுதான் பெயர்.

ஊரைத் தாண்டியதும் மண்ரோடு. நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் எதிரில் வருவதற்கு வண்டிதான் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் காய்ந்த புல்லும் முள்மரமும் வேலிக் கம்பியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூனிமேட்டைத் தாண்டுவதற்குள் பத்து ஹாரன் கேட்டுப் பழகிய எனக்கு அந்த அமைதி பயமாகவே இருந்தது.

பாதி வழியில் டயர் வெடித்தது. ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இல்லை. பண்ணை வைத்திருக்கிறேன், வாரம் ஒரு விருந்தாளியைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லுகிறவன் வண்டியில் ஜாக்கி இல்லை! தனசேகரைப் பார்த்தேன். அவன் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தான்.

நடுரோட்டில் நின்று குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது ஓர் அம்மாள். என் வயதுதான் இருக்கும். தரை வரைக்கும் பாவாடை, தலையில் மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒரு துணித் தலைப்பாகை. பொங்கலுக்கு நாங்கள் மாட்டுக்குத்தான் அலங்காரம் செய்வோம், இவர்கள் தங்களுக்கே செய்துகொள்கிறார்களே என்று நினைத்தேன். ஹெரேரோ இனத்துப் பெண்கள் அப்படித்தான் கட்டுவார்களாம். மாடுதான் அவர்களுக்கு உயிர்.

அவள் ஜாக்கியை எடுத்துக் கொடுத்தாள். ரூடியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். அவன் முகத்தை நிமிர்த்தாமலே ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "நான் வெரோனிக்கா. உங்கள் பக்கத்துப் பண்ணை" என்றாள். வண்டி கிளம்பியதும் ரூடி, "அவளிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் மறை கழன்றவள்" என்றான். எனக்கு அந்த நிமிஷமே அவளிடம் பேச வேண்டும் போல் இருந்தது.

மறுநாள் காலையில் ரூடியே அடுப்பு மூட்டி, சோள மாவில் களி கிண்டிப் போட்டான். பேர்தான் வேறு, ருசி நம் களிதான். தொட்டுக்கொள்ள வெங்காயமும் தக்காளியும் போட்டு ஒரு குழம்பு. கொறிக்க உப்புக்கண்டம் மாதிரி ஒன்று, மாட்டுக்கறியை உப்பும் மல்லியும் தடவிக் காயவைத்தது. உப்பு கணக்காக இருந்தது. சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சமையலும் அவனே, பாத்திரம் கழுவுவதும் அவனே. அவ்வளவு பெரிய வேட்டைப் பண்ணையில் வேறு ஓர் ஆள் கண்ணில் படவில்லை.

"எல்லாரும் லீவில் போயிருக்கிறார்கள்" என்றான்.

சாப்பிட்டதும் தனசேகர் துப்பாக்கியைச் சரிபார்க்கப் போனான். துப்பாக்கி அங்கேயே வாடகைக்குக் கொடுத்தது. பலகையில் வைத்த அட்டையின் நடுவில் சுட்டதெல்லாம் ஒரே ஓட்டையாகப் போய் விழுந்தது. ரூடி விசிலடித்தான். என் மச்சான் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து வயது குறைந்துவிட்டது.

நான் காலாற நடந்து பின்பக்கம் போனேன். அங்கே ஒரு தகரக் கொட்டகை. வேட்டையாடிய மிருகத்தைத் தொங்கவிட்டுத் தோல் உரிக்கிற இடம். மேலே இரும்புக் கொக்கிகள், கீழே சிமெண்டுத் தரை, மூலையில் உப்பு மூட்டை. உரித்த தோல் கெட்டுப்போகாமல் இருக்க உடனே உப்புப் போட வேண்டும். அது எனக்குத் தெரியாதா? ஆம்பூர்ப் பக்கம் தோல் மண்டிகளுக்கு வருஷா வருஷம் என் உப்புதான் லாரியில் போகிறது.

பிரித்து வைத்திருந்த மூட்டைக்குள் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் விட்டேன். சலசலவென்று உதிர்ந்தது. வெள்ளை வெளேர் என்று, கொஞ்சம் கூட ஈரம் இல்லாமல்.

எனக்குத் தலைமுடி நட்டுக்கொண்டது. தோல் மண்டியில் உப்பு எப்படி இருக்கும் தெரியுமா? இரத்தம் குடித்துச் சிவந்து, முடி ஒட்டி, கட்டி கட்டியாகக் கசிந்துகொண்டு கிடக்கும். நாற்றத்தில் நிற்க முடியாது. இங்கே ஓர் ஈ கூட இல்லை. ஈ இல்லாத கறிக்கடையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

ரூடியிடம் பல்லைக் காட்டிக்கொண்டே கேட்டேன். "உப்பு நல்லா இருக்குதே, பழசை என்ன பண்ணுவீங்க?"

"வாராவாரம் மாற்றுவோம், மிஸ்டர் சால்ட். பழசைப் பின்னால் கொட்டிவிடுவோம்."

பின்னால் போய்ப் பார்த்தேன். வாராவாரம் உப்பைக் கொட்டின மண்ணில் ஒன்றும் முளைக்காது, தரை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பிறந்ததிலிருந்து அந்தத் தரையில்தான் நடக்கிறேன். இங்கே கொட்டகைச் சுவர் வரைக்கும் புல் அடர்த்தியாக நின்றது. இந்த ஆள் இந்த இடத்தில் ஒரு முயலைக் கூட உரித்ததில்லை.

தனசேகரிடம் சொன்னேன். அவன் துப்பாக்கியைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை. "மாமா, உப்பு சுத்தமா இருக்குதுன்னு ஒருத்தன் கம்ப்ளெய்ன்ட் பண்ணி இப்பதான் கேக்கறேன்" என்றான்.

சரி, இனி யாரைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வெயில் தாழ்ந்ததும் கால் வலிக்கிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேலியை ஒட்டி நடந்தேன். தூரத்தில் தண்ணீர் இறைக்கும் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டியில் மாடுகள் மோதிக்கொண்டு குடித்தன. வெரோனிக்கா கையில் குச்சியோடு நின்றாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எங்கள் ஊர்ப் பக்கம் இடையஞ்சாவடியில் குடியிருக்கிற வெள்ளைக்காரர்களுக்குக் கல்லுப்பு போட்டுப் பழகிய ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன். முதலில் என்னிடம் எத்தனை மாடு என்று கேட்டாள். இரண்டு என்றேன். பாவம் என்று பார்த்தாள்.

"இந்த ரூடி எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டேன். "மச்சான் நாளைக்குக் காலையில் அவனோடு குடூ வேட்டைக்குப் போகிறான்."

"அங்கே என்ன குடூ?" என்றாள். "அவன் அந்த வீட்டை மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறான். வேட்டையாட உரிமையும் கிடையாது, கைடு லைசென்ஸும் கிடையாது. குடூ எல்லாம் என் பக்கம்தான் தண்ணீர் குடிக்கின்றன." குச்சியால் வேலியைத் தட்டினாள். "என் வேலியை யாரோ அறுக்கிறார்கள். என் மான் போகிறது. யார் என்று எனக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை."

"அப்படின்னா மச்சான் உங்க காட்டுல சுட்டா?"

"திருடன். ஜெயில்."

"அவனுக்கு எதுவும் தெரியாதும்மா."

"தெரியாமல் சுட்டேன் என்று ஜெயிலில் போய்ச் சொல்லட்டும்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "நான் வனத்துறை ஆட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காலையில் வேலிப் பக்கம் இருப்போம். நீ கூட வா. உன் ஆள் விசையை அழுத்தாமல் பார்த்துக்கொள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

திரும்பி வந்து தனசேகரைத் தனியாகக் கூப்பிட்டு, வெரோனிக்கா சொன்னதைச் சொன்னேன். வனத்துறை வரப்போவதை மட்டும் சொல்லவில்லை. அவன் ஓட்டைவாய், உடனே ரூடியிடம் போய் உளறிவிடுவான். தெரிந்தால் ரூடி எங்களை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடுவான்.

"பக்கத்துப் பண்ணைக்காரி வேற எப்படி மாமா சொல்லுவா? போட்டி இருக்காதா?" என்றான். அது நியாயமான கேள்விதான். எங்கள் ஊரிலும் போட்டிக்குப் பொய் சொல்லுகிற ஆட்கள் உண்டு. ஆனால் பொய் சொல்லுகிறவள் முகத்தை நிமிர்த்தியும், உண்மையான ஆள் முகத்தைக் கவிழ்த்தும் பேச மாட்டார்கள் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க அக்கா உங்களைத் துணைக்கு அனுப்பிச்சா. தடுக்க அனுப்பல. நாளைக்கு வந்தா வாயத் தெறக்காம வாங்க. இல்லன்னா இங்கயே படுத்துக் கெடங்க."

"தெறக்க மாட்டேன்" என்றேன். அவன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. மனசு வலித்தது.

விடிகிற நேரத்தில் கிளம்பினோம். ரூடி விளக்குப் போடாமல் வண்டியை ஓட்டினான். வேலி ஓரமாக நிறுத்தி இறங்கி, கம்பியைக் கதவு மாதிரி மடக்கி ஒதுக்கினான். ஏற்கெனவே அறுத்து வைத்த இடம். "இது நம் பண்ணையின் பின்பக்கம்" என்றான். பின்பக்கத்துக்கு எவனாவது கேட் வைக்காமல் கம்பியை அறுத்துப் போவானா? தனசேகர் அந்தக் கம்பியை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு பார்க்காத மாதிரி நடந்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் ரூடி கையைக் காட்டினான். முள்மரத்துக்குப் பின்னால் இருந்து அது வெளியே வந்தது. படத்தில் பார்த்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறம், முதுகில் வெள்ளைக் கோடு, கழுத்தில் தாடி. அந்தக் கொம்பைத் தூக்கிக்கொண்டு அது தலையைத் திருப்பியபோது நானே மூச்சை அடக்கிவிட்டேன். தனசேகர் முக்காலிக் கம்பு மேல் துப்பாக்கியை வைத்தான். அவன் தோள் அசையவில்லை. அவன் குறி தவறாது. விரல் விசைக்குப் போனது.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. எங்கள் அளத்தில் கருமேகம் ஏறினால் வரப்பு மேல் நின்று ஒரு கூச்சல் போடுவோம். நாலு பக்கத்திலும் இருக்கிற ஆட்கள் ஓடி வந்து உப்புக் குவியலை மூடுவதற்காக. அவசரத்துக்கு என் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

"மழ வருதுடோய்ய்ய்!"

அந்தக் காய்ந்த காட்டில், மழை பெய்து மாதக்கணக்கான அந்த ஊரில், அந்தக் கூச்சல் மலை வரைக்கும் போய்த் திரும்பியது. குடூ ஒரே தாவலில் மறைந்துவிட்டது.

தனசேகர் துப்பாக்கியை இறக்கினான். முகம் கறுத்திருந்தது. "யோவ்! நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அதற்குள் மரத்துக்குப் பின்னால் இருந்து வண்டிச் சத்தம். சீருடையில் இரண்டு பேர், பின்னால் வெரோனிக்கா.

ரூடி எவ்வளவு சுருக்காக மாறினான் தெரியுமா? இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நான் வெறும் டிரைவர். இவர்கள்தான் இங்கே கொண்டுபோகச் சொன்னார்கள்" என்றான். இரண்டு பேரில் மூத்த அதிகாரி தனசேகர் கையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார், அறுந்த வேலியைப் பார்த்தார், தனசேகரைப் பார்த்தார். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, "வண்டியில் ஏறு" என்றார்.

தனசேகர் ராணுவத்தில் இருந்தவன், ஆணை கேட்டதும் வண்டியை நோக்கி நடந்தான். எனக்கு வசந்தா முகம்தான் கண் முன்னால் நின்றது. "அவன் எதுவும் பண்ணலைங்கய்யா" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு குறுக்கே போனேன். அதிகாரி என்னை ஒரு கையால் ஒதுக்கினார்.

அப்போது வெரோனிக்கா முன்னால் வந்தாள். என்னைக் கை காட்டினாள்.

"இந்த மனுஷன் நேற்றுச் சாயங்காலம் என் தொட்டிக்கு வந்தான். நாளைக்கு வேட்டைக்குப் போகிறோம், ரூடி எப்படிப்பட்ட ஆள் என்று என்னிடமே கேட்டான். திருட வருகிறவன் வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டா வருவான்? இப்போது மானைக் கத்தித் துரத்தியதும் இவன்தான். இவர்கள் ஏமாந்தவர்கள். உங்களுக்கு வேண்டிய ஆள் அந்த டிரைவர்தான்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்ன கத்தினாய்?" என்று கேட்டார்.

"மழை வருகிறது என்று."

அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் கிடையாது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரூடியைத்தான் வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து அவன் ஏதோ சொன்னான். "மிஸ்டர் சால்ட்" என்பது மட்டும் அதில் இல்லை.

தனசேகர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா மூஞ்சில எப்படி மாமா முழிச்சிருப்பேன்?" என்று அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் உள்ளுக்குள்ளே ஒருத்தன் கொடி பிடித்துக்கொண்டு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தான் என்பதையும் மறைக்க மாட்டேன்.

அடுத்த நாள் டவுனில் போய் வாக்குமூலம் கொடுத்தோம். அங்கே டீ நன்றாக இருந்தது. இரண்டு கப் குடித்தேன். அட்வான்ஸ் போனது போனதுதான், அதைப் பேசிப் பயனில்லை. ரூடி கொடுத்த அந்த மூன்று பிரெஞ்சு நம்பரில் இரண்டு அவனுடைய கூட்டாளிகளாம், ஒன்று அவன் மச்சானாம். அதைக் கேட்டதும் தனசேகரைப் பார்த்தேன். அவன் கும்பிட்டான்.

வெரோனிக்காவின் தம்பி எரிக் லைசென்ஸ் உள்ள வேட்டை கைடு. அவள் காட்டிலேயே, முறையான அனுமதியோடு, தனசேகரை அழைத்துப்போகத் தயார் என்றான். மச்சான் உடனே தலையாட்டினான். நான் கையைக் குறுக்கே போட்டேன்.

"பொறு. இவங்களைப் பத்தி விசாரிக்க வேணாமா?"

"மாமா! இந்தம்மாவா? நம்மள ஜெயில்லேர்ந்து காப்பாத்தினவங்க!"

"அது வேற, இது வேற."

வெட்கப்பட்டுக்கொண்டே வெரோனிக்காவிடம் சொன்னேன். உங்களுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரரை நான் பார்க்க வேண்டும் என்று. அவள் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். தானே பிக்கப்பை எடுத்து என்னை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அங்கே ஒரு ஜெர்மன் கிழவர், நாய் காதில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"வெரோனிக்காவா? சண்டைக்காரி" என்றார். "என் வெல்டிங் மெஷினை வாங்கிப் போய்த் திருப்பித் தரவே இல்லை. ஆனால் பொய் சொல்ல மாட்டாள். எரிக் நல்ல பையன். சட்டத்தைத் தாண்ட மாட்டான்."

எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? குறையையும் சேர்த்துச் சொல்லுகிற பக்கத்து வீட்டுக்காரர் கிடைப்பது குதிரைக் கொம்பு. திரும்பும் வழியில் வெரோனிக்காவிடம் வெல்டிங் மெஷின் விஷயத்தைச் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

அவள் பண்ணைக் கொட்டகைக்கும் போய்ப் பார்த்தேன். உப்பு பழுப்பாக, ஈரமாக, முடி ஒட்டிக் கிடந்தது. ஈ மொய்த்தது. நாற்றம் குடலைப் புரட்டியது. என் மனசு குளிர்ந்துபோனது.

கடைசி நாள் காலையில் போனோம். முன்னால் எரிக், அவன் பின்னால் தனசேகர், கடைசியில் நான். கேட்டைத் திறந்துதான் உள்ளே போனோம். நிறைய நடந்தோம். முதலில் பார்த்த குடூ சின்னது, எரிக் வேண்டாம் என்று தலையாட்டினான். அடுத்தது குட்டியோடு இருந்த பெட்டை, அதற்கும் வேண்டாம். வெயில் ஏறிக்கொண்டே போனது. தனசேகர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஒரு மேட்டின் சரிவில் ஒரு கிழக் கடா தனியாக நின்றது. கொம்பின் ஒரு முனை உடைந்திருந்தது. எரிக் அதைப் பார்த்ததும் கம்பை நட்டான்.

ஒரே ஒரு சத்தம். அது நின்ற இடத்திலேயே மடிந்தது, துடிக்கக்கூட இல்லை. எரிக் போய்ப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். கறி அங்கே வேலை செய்கிற குடும்பங்களுக்கு, கொம்பு பிரான்சில் இருக்கும் தனசேகரின் நண்பன் வீட்டுக்கு. இந்தியாவுக்குள் அதைக் கொண்டுவர முடியாது, முன்பே தெரியும். அவனுக்கு அது பற்றிக் கவலையும் இல்லை.

வேறு ஆளாக இருந்தால் மானைப் பார்க்க ஓடியிருப்பான். தனசேகர் ஓடவில்லை. எரிக் திரும்பி வந்ததும் துப்பாக்கியை அவன் கையில் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"மாமா."

"இன்னாடா?"

"இப்ப கத்துங்க."

நன்றாக மூச்சை இழுத்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, மரக்காணத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"மழ வருதுடோய்ய்ய்!"

எரிக் நிஜமாகவே அண்ணாந்து பார்த்தான். மச்சான் என் தோளைக் கட்டிக்கொண்டு, குரல் உடைந்துபோய், என்னோடு சேர்ந்து இன்னொரு தரம் கத்தினான்.